வெற்றிலைத் தட்டு போன வழியில் வைஃபை

எங்கள் தெருவில் எது நடந்தாலும் வரிசைப்படிதான் நடக்கும். பாளையம்பட்டிக் கீழத்தெரு வணிகர் ஒற்றுமைச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. நானும் அதில் உறுப்பினன். சொல்லும்போதே கூசுகிறது, இருந்தாலும் சொல்லாமல் மேலே போக முடியாது. பங்குனிப் பொங்கல் கடைசி நாள் சாயங்காலம் கோயிலில் வெற்றிலைத் தட்டு வரும். முதல் வெற்றிலை தலைவருக்கு, அடுத்தது செயலாளருக்கு, அதற்கடுத்தது பொருளாளருக்கு என்று தட்டு படிப்படியாக இறங்கும். எனக்கு எட்டாவது இடம். பக்கத்து வீட்டு ராஜகுருவுக்கு ஏழாவது. இந்த வரிசை வெற்றிலையோடு நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்?

போன கோடையில் தெருக்கோடியில் மாட்டுக்கென்று அடுக்கிவைத்திருந்த ஒரு சோளத்தட்டைப் படப்பு தீப்பிடித்தது. ஆளுக்கொரு குடத்தோடு ஓடினோம். ஓடிப்போய் நின்றுகொண்டோம். முதல் குடம் தலைவர் கையால் அல்லவா ஊற்ற வேண்டும்? தலைவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். துவட்டி, வேட்டி மாற்றி, விபூதி பூசி, வந்து ஒரு குடம் ஊற்றினார். தீ உடனே அணைந்தது. எரிவதற்கு அங்கே வேறெதுவும் மிச்சம் இல்லை. ஒரே குடத்தில் தீயை அணைத்ததற்காக அடுத்த கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். கைதட்டியவர்களில் படப்புக்குச் சொந்தக்காரரும் ஒருவர்.

தலைவர் நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சிக்கு அருப்புக்கோட்டையில் பாத்திரக் கடை. நல்ல மனிதர். ஒரு சொல் கடிந்து பேச மாட்டார். எங்கள் சங்கமே யாரையும் திட்டாது. திட்டினால்கூடத் தேவலை. ராஜகுருவின் அப்பா ஒரு வருஷம், திருச்சுழி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, தன் முறை வருவதற்குள் வெற்றிலைக்குக் கையை நீட்டிவிட்டார். அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுவருஷத்திலிருந்து அவர் முன்னால் வரும்போது தட்டு கொஞ்சம் உயர்ந்து, அவரைத் தாண்டி, அடுத்த ஆளிடம் இறங்கியது. சாகும்வரை அவர் வருஷா வருஷம் வந்து கையேந்தி நின்றார். பக்கத்தில் நின்று ராஜகுரு பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா போனபிறகு சாமி ஊர்வலத்தில் ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளித் தள்ளித்தான் அந்த ஏழாவது இடத்தைத் திரும்ப வாங்கினான். இது தெரிந்தால்தான் அவன் பின்னால் செய்ததும் செய்யாமல் விட்டதும் புரியும்.

ராஜகுரு பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வியாபாரி. முன்வீட்டில் பாதி இடம் மூட்டை, மீதி இடத்தில் மாடு வைத்திருப்பவர்கள் வந்து உட்கார்ந்து மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரே மகள் பிருந்தா. விருதுநகரில் கம்ப்யூட்டர் படிப்பு முடித்து, சென்னைக் கம்பெனி ஒன்றில் இரண்டு கட்டம் தேறிவிட்டாள். கடைசி இன்டர்வியூ மட்டும் பாக்கி. வீடியோவில் மூன்று பேர் முகத்தைப் பார்த்துப் பேசி, அவர்கள் கண்முன்னாலேயே கம்ப்யூட்டரில் எழுதிக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் அவன் வீட்டுக்கு நெட்டு இழுத்தான். எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் வைஃபை.

கேபிள்காரன் மாரிசெல்வம் பெட்டியை முன்வீட்டில் மாட்டினான். பிருந்தாவின் அறை மாடியில். அந்தக் காலத்துக் கல் சுவர், முழங்கை நீளத்துக்குத் தடிமன். போன் நெட்டும் உள்ளே நுழையாது, வைஃபையும் மேலே ஏறாது. அதனால் மாடிப்படியில் ஒரு எக்ஸ்டெண்டர் மாட்டினார்கள். கீழ்ப்பெட்டி சொல்வதைக் கேட்டு மேலே திருப்பிச் சொல்கிற குட்டிப் பெட்டி அது. வேகம் பாதியாகும் என்று பிருந்தாவே சொன்னாள். “பாதியே எனக்குத் தாராளம்ப்பா.” அப்பனும் மகளும் சந்தோஷமாக இருந்தார்கள். ராஜகுருவின் மனைவி சுந்தராம்பாள் அன்றைக்குப் பாயசம் வைத்தாள், சுவரைத் தாண்டி எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.

குட்டிப் பெட்டியின் சிக்னல் மாடி ஜன்னல் வழியாகத் தெருவில் கசிந்தது. செயலாளர் உதயகுமார் சைக்கிளில் போகும்போது அவர் போனில் ‘பிருந்தா ஹோம்’ என்று ஒரு பெயர் வந்து நின்றது. இறங்கி நேராக ராஜகுருவிடம் போனார்.

“ராசகுரு, தெருவுல புதுசா ஒண்ணு வந்திருக்கு போல?”

“ஆமாண்ணாச்சி, புள்ளைக்கு இன்டர்வியூ இருக்கு, அதான்…”

“நல்லது, நல்லது. சங்கத்துக்குச் சொன்னியா?”

சொல்லவில்லை. ராஜகுருவின் முகம் சுண்டிப்போனது. வீட்டுக்குள் பெட்டி மாட்டியதைச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்று எந்த ஊரில் சட்டம் இருக்கிறது? அதை அவனும் கேட்கவில்லை. அப்பா கையை முன்கூட்டியே நீட்டியது மாதிரி தானும் நீட்டிவிட்டோமோ என்று பயந்துபோய், “தப்புத்தாண்ணாச்சி” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் கூடியது. அவசரக் கூட்டத்திலும் வரவேற்புரை, குத்துவிளக்கு எல்லாம் உண்டு. தலைவர் எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

“நெட்டுன்னா என்ன? காத்து. காத்து யாருக்குச் சொந்தம்? எல்லாருக்கும் சொந்தம். அந்தக் காத்து நம்ம ராசகுரு வீட்டுல வந்து எறங்கியிருக்கு, ரொம்பச் சந்தோசம். ஆனா எறங்குன வீட்டுக்காரனே மொதல்ல எடுத்துக்கிட்டா அது வரிசை தப்புனதுல்ல? பொங்கப் பானையை உன் வீட்டு அடுப்புல ஏத்துனோம்கிறதுக்காக நீயே மொதல்ல அள்ளித் திம்பியா? நெட்டு இன்னைக்கு வந்தது. வரிசை எங்க தாத்தா காலத்துலயே வந்தது. எது பெரிசு? நீங்களே சொல்லுங்க.”

நாங்கள் சொன்னோம். தீர்மானம் நிறைவேறியது. ராஜகுரு வீட்டுப் பெட்டிக்கு மூலப்பெட்டி என்று பெயர். அதிலிருந்து நெட்டு முதலில் தலைவர் வீட்டுக்குப் போகும். தலைவர் வீட்டுப் பெட்டியிலிருந்து செயலாளர் வீட்டுக்கு, அங்கிருந்து பொருளாளர் வீட்டுக்கு, வெற்றிலைத் தட்டு எப்படியோ அப்படி. ராஜகுரு தன் முறையில், ஏழாவதாக, வாங்கிக்கொள்வான். மூலப்பெட்டியின் பாஸ்வேர்டு தலைவரிடம் இருக்கும். பில் மட்டும் எப்போதும்போல ராஜகுரு கட்டுவான். அது அவனுக்குக் கிடைத்த பாக்கியம் என்று செயலாளர் விளக்கினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து பிருந்தா எழுந்தாள்.

“பெரியப்பா, ஒவ்வொரு பெட்டி தாண்டுறப்பவும் ஸ்பீடு பாதியாயிரும். வாங்குறதும் அந்தப் பெட்டிதான், குடுக்குறதும் அந்தப் பெட்டிதான். வாங்குற நேரத்துல குடுக்க முடியாது.”

“பாதி ஆகும்னா, பாதி இருக்கும்ல தாயி?”

“அடுத்த வீட்டுல அதுல பாதி. அதுக்கடுத்து அதுலயும் பாதி…”

தலைவர் முகம் மலர்ந்தது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “கேட்டீகளா? எம்புட்டுத்தான் போனாலும் பாதி மிச்சம் இருக்கும்னு படிச்ச புள்ள, அதுவே சொல்லுது!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பிருந்தா அவள் அப்பாவைப் பார்த்தாள். ராஜகுருவும் கைதட்டிக்கொண்டிருந்தான். என்ன செய்வான்? எல்லாரும் தட்டும்போது ஒருத்தன் கை சும்மா இருந்தால் அது தனியாகத் தெரியும்.

மாரிசெல்வத்துக்கு வாயெல்லாம் பல். அத்தனை பெட்டியும் அவன் கடையிலிருந்துதானே போகவேண்டும்? “எல்லா வீட்லயும் டவர் ஃபுல்லா காட்டும் அண்ணாச்சி. அதுக்கு நான் கேரண்டி” என்றான். டவர் காட்டுவதற்குத்தான் கேரண்டி கொடுத்தான் என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

தலைவர் வீடு தெருவின் கிழக்குக் கோடி, கோயிலை ஒட்டி. செயலாளர் வீடு மேற்குக் கோடி. பொருளாளர் வீடு மறுபடி கிழக்கே. ராஜகுருவின் வீடு நட்டநடுவில். ஆகவே நெட்டு கிழக்கே போய், மேற்கே வந்து, மறுபடி கிழக்கே ஓடி, வீதியுலா மாதிரி அலைந்தது. எட்டாத தூரத்துக்கு வேப்பமரத்தில் ஒரு பெட்டி, கரண்டுக் கம்பத்தில் ஒரு பெட்டி என்று இடையிலும் மாட்டினார்கள். அவையும் ஆளுக்குப் பாதியைத் தின்றன. ஒவ்வொரு தடவையும் நெட்டு ராஜகுரு வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனது. ஒரு தடவையும் உள்ளே நுழையவில்லை. அவன் அப்பாவைத் தாண்டிப் போன தட்டு மாதிரியே.

ஒவ்வொரு பெட்டிக்கும் திறப்பு விழா நடத்தினோம். ரிப்பன், சூடம், தேங்காய். பொருளாளர் வீட்டுப் பெட்டிக்குள் தேங்காய்த் தண்ணீர் போய் அது அன்றைக்கே அடங்கிவிட்டது. முதலில் அடங்கிய பெட்டி சுவாமிக்குக் காணிக்கை என்று அறிவித்துத் தலைவர் வேறொன்றை மாட்டச் சொன்னதால் யாரும் வருத்தப்படவில்லை. வேப்பமரத்துப் பெட்டிக்கு யாரோ ஆளுயர மாலை போட்டு அது சூடாகிப் புகைந்தது. ராஜகுருவின் முறை வந்தபோது படிக்கட்டில் முன்பு மாட்டியிருந்த குட்டிப் பெட்டியைக் கழற்றிப் பிருந்தா கையிலேயே கொடுத்துவிட்டு, அதே ஆணியில் சங்கத்துப் பெட்டியை மாட்டினார்கள். “பாரும்மா, எடம்கூட மாறல” என்றார் செயலாளர்.

அடுத்த வீட்டில் எட்டாவதாக எனக்கும் ஒன்று வந்தது. என் போனில் டவர் காட்டுகிற அந்த விசிறிப் படம் ஜம்மென்று முழுசாக நின்றது. பரளச்சியில் இருக்கும் மச்சினனுக்குக் காலையில் ‘குட் மார்னிங்’ அனுப்பினால் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேரும். பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, திரும்பி வந்திருக்கலாம்.

பிருந்தா பயந்துபோனாள். இன்டர்வியூவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் அறையில் ஒரு படம்கூடத் திறக்கவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பாவை நச்சரித்துச் சங்கத்தில் முறையிட வைத்தாள். ஆய்வுக் குழு வந்தது. தலைவர், செயலாளர், பின்னால் நாங்கள். செயலாளர் போனைத் தூக்கிப் பிடித்து நாலு மூலையிலும் காட்டினார்.

“டவர் ஃபுல்லு. எங்க கொறை?”

“மாமா, சுத்திக்கிட்டே இருக்கு பாருங்க.”

“சுத்துதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஃபேன் சுத்துனா கரண்டு இருக்குன்னுதான சொல்லுதோம்? நின்னாத்தாம்மா கோளாறு.”

அவள் வேகத்தை அளக்கும் ஆப் ஒன்றைத் திறந்து, முள் அடியிலேயே படுத்துக் கிடப்பதைக் காட்டினாள். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

“இதை யாரு செஞ்சது தாயி? நம்ம சங்கத்து ஆளா?”

“இல்ல பெரியப்பா. வெளிநாட்டுக் கம்பெனி.”

“அப்பிடிச் சொல்லு. வெளியாளு வந்து நம்ம வேகத்தை எடை போட்டா அது எப்பிடிச் சரியா இருக்கும்? சங்கத்துக்குன்னு ஒரு வேகம் இருக்கு. அதை மீறிப் போகவும் கூடாது, கொறையவும் கூடாது.”

அவர்கள் போனபிறகு பிருந்தா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். சுவரின் இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. கேட்கக் கூடாதுதான். கொல்லைப்புறச் சுவர் இடுப்பளவு, நான் என்ன செய்ய?

“அப்பா, ஒண்ணும் வேணாம். ஒரு ஒயரு வாங்கியிருக்கேன். அன்னைக்கு ஒரு மணி நேரம் மட்டும் கீழ்ப்பெட்டியில நேரா சொருகிக்கிறேன். பாஸ்வேர்டு கூடத் தேவையில்ல.”

“வரிசை இருக்கேம்மா…”

“நம்ம வீட்டுப் பெட்டிப்பா.”

“நம்ம வீட்டுப் பெட்டிதான்… கேட்டுட்டு வந்துர்றேன்.”

“சரி, நான் அருப்புக்கோட்டைக்குப் போயி, எங்கூடப் படிச்ச ஜோதிகா வீட்டுல உக்காந்து பேசிட்டு வாரேன். அதுக்காச்சும் விடுங்க.”

ராஜகுரு இந்த இரண்டு கோரிக்கையையும் எடுத்துக்கொண்டு தலைவரின் பாத்திரக் கடைக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். தலைவர் எழுந்து வந்து அவன் தோளில் கையைப் போட்டு உட்காரவைத்தார். இரண்டு பேருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

“டவுனுக்கா? ஏன்ப்பா, சங்கத்து நெட்டு இருக்கையில கீழத்தெருப் புள்ள அடுத்தவுக வீட்டுல போயி நெட்டு கேட்டுச்சுன்னு நாலு பேரு பேசுனா நமக்கு எம்புட்டுக் கேவலம்? நேரா சொருகுறதும் தப்பு. ஒனக்குத் தெரியாததா? ஒங்க அப்பா நல்ல மனுசன். ஒரே ஒரு நாளு அவசரப்பட்டாரு.”

அவ்வளவுதான். ராஜகுருவின் கையில் கலர் பாட்டில் அப்படியே நின்றது.

“ஒண்ணு செய்வோம். அன்னைக்கு ஒரு மணி நேரம் யாரும் நெட்டைத் தொடக் கூடாதுன்னு மைக்குல சொல்லிருவோம். தெருவே ஒம் மகளுக்காகக் காத்திருக்கும். வேற என்ன வேணும்? அப்பறம் இன்னொண்ணு. ஆறாவது எடத்துக்காரரு மகன்கூட விருதுநகர்ல போயி இருந்துட்டாரு. அன்னைக்குச் சாயங்காலம் கடைசிப் பொங்கலு. ஆறாவது வெத்தலை ஒனக்குன்னு வச்சிருக்கேன்.”

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ராஜகுரு என்னிடம், “நம்மளுக்காக மைக்குல சொல்றேன்னாக, பாத்தியாலே” என்றான். அவன் ஆறாவதானால் நான் ஏழாவது. நான் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். “ஆமாலே, பெரிய மனுசரு” என்றேன்.

இன்டர்வியூ அன்று காலை. பொங்கலுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் செயலாளர் அறிவித்தார். “கீழத்தெருப் பெருமக்களே! நம் சங்கத்து நெட்டில் நடைபெறும் முதலாவது இன்டர்வியூவை முன்னிட்டு, அடுத்த ஒரு மணி நேரத்திற்கு யாரும் நெட்டைப் பயன்படுத்த வேண்டாம் என அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்!”

அதுவரை தெருவில் பாதிப் பேர் நெட்டை மறந்துபோய் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பைக் கேட்டதும் ஒவ்வொரு வீட்டிலும் போனை எடுத்தார்கள். எல்லாரும் நிறுத்திவிட்டார்களா என்று பார்க்கத்தான். நானும் பார்த்தேன். நான் ஒரே ஒரு சமையல் வீடியோவைத் தட்டினேன், அது ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்காக. வட்டம் சுற்றியது. சரி, யாரோ நிறுத்தவில்லை என்று கோபம் வந்து இன்னும் இரண்டு தடவை தட்டினேன்.

அதோடு விட்டார்களா? சங்கத்து நெட்டில் முதல் இன்டர்வியூ என்றால் தொடங்கி வைக்க வேண்டாமா? தலைவரும் செயலாளரும் நாங்களும் மாலையோடு மாடி ஏறினோம். பிருந்தா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, புதுச் சுடிதார் போட்டு, கைகள் இரண்டும் மடியில். திரையில் மூன்று பேர், இரண்டு ஆண்களும் ஒரு அம்மாவும். அப்போதுதான் “குட் மார்னிங்” சொல்லியிருந்தார்கள். தலைவர் அவள் தோளுக்கு மேலே குனிந்து தன் முகத்தைக் காட்டினார்.

“வணக்கம் சார், வணக்கம் மேடம். நான் சங்கத் தலைவர். இந்த நெட்டு சங்கம் போட்டது. இந்தப் புள்ளையை நாங்கதான் அனுப்புதோம். ஏழாவது வீட்டுப் புள்ளைன்னு எளக்காரமா நெனைச்சிராதீங்க…”

அந்த மூன்று பேரும் மரியாதைக்கு லேசாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு உறைந்து நின்றார்கள். படம் நின்றுவிட்டது. தலைவருக்கு அது புரியவில்லை. தன் பேச்சில் சொக்கிப்போய் அசையாமல் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, சங்கத்தின் வரலாற்றை அவருடைய தாத்தாவிலிருந்து தொடங்கினார். படப்பில் தீயணைத்தது வரைக்கும் வந்தார். பிருந்தா “பெரியப்பா, நின்னுருச்சு” என்றாள். “இரு தாயி, ஆர்வமாக் கேக்குறாக” என்றார். பிறகு கும்பிட்டுவிட்டு இறங்கினார். “பெரிய கம்பெனிக்காரன் பெரிய கம்பெனிக்காரன்தான். என்ன அடக்கம்!”

கீழே முன்வீட்டில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தோம். தலைவருக்கு நாற்காலி, அதுவும் மூலப்பெட்டிக்கு நேர் கீழே. சுந்தராம்பாள் காபி கொண்டுவந்தாள். தலைவர் போனை எடுத்துப் பட்டிமன்றம் ஒன்றைப் போட்டார். முதல் வீட்டு நெட்டு அல்லவா, மூலப்பெட்டியின் பாஸ்வேர்டும் அவரிடமே அல்லவா, தண்ணீராக ஓடியது. மேலேயிருந்து பிருந்தாவின் குரல் வந்துகொண்டிருந்தது. “சார், கேக்குதா சார்? மேடம்? ஹலோ… சார், ஒரு நிமிஷம் சார்…” எங்கள் எல்லாருக்கும் அது கேட்டது. எல்லாரும் காபியை ஊதினோம்.

பிருந்தா படி இறங்கி வந்தாள். கையில் கம்ப்யூட்டர், இன்னொரு கையில் அந்த ஒயர். கடைசிப் படியில் நின்றாள். தலைவர் தலைக்கு மேலே பெட்டி. கையை நீட்டினால் எட்டும். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“அப்பா. சொருகட்டாப்பா?”

ராஜகுரு எழுந்தான். அவள் பக்கம் ஒரு அடி வைத்தான் என்றுதான் எனக்கு ஞாபகம். பிறகு தலைவரைப் பார்த்தான். தலைவர் பட்டிமன்றத்தில் ஒரு நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். ராஜகுரு குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிற மாதிரி சொன்னான்.

“கொஞ்சம் பொறும்மா. அவுக காபி குடிச்சு முடிச்சிரட்டும்.”

அந்தப் பெண் அவனைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். எனக்கே தரையைப் பார்க்கத் தோன்றியது. நானாவது எழுந்து, “அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்று சொல்லியிருக்கலாம். ஏழாவது வெற்றிலை நினைவு வந்தது. காபியில் சர்க்கரை போதவில்லை என்பது மாதிரி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் ஆற்றி ஆற்றிக் குடிக்கிறவர். பிருந்தா ஒயரைப் படியிலேயே போட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். பங்குனி வெயிலில் நின்று போன் நெட்டில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். அதற்குள் கம்பெனிக்காரர்கள் கலைந்துபோயிருந்தார்கள். மத்தியானம் மெயில் வந்தது. தொடர்பு சரியில்லாததால் அவளை மதிப்பிட முடியவில்லை, வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், வாழ்த்துகள்.

சாயங்காலம் கோயிலில் கூட்டம். தலைவர் மைக்கைத் தட்டினார். “வேலை கெடைச்சதா இல்லையாங்கிறது தனிப்பட்ட விசயம். நம்ம நெட்டுல இன்டர்வியூ நடந்துச்சா இல்லையா? நடந்துச்சு! பாளையம்பட்டியில வேற எந்தத் தெருவுக்கு இந்தப் பெருமை இருக்கு?” ராஜகுருவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தட்டு வந்தது. ஐந்தாவது ஆளைத் தாண்டி, நிதானமாக, ராஜகுருவுக்கு முன்னால் தாழ்ந்தது. ஆறாவது வெற்றிலையை எடுக்கும்போது அவன் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அவனை அறியாமல்தான் வந்தது. அடுத்தது எனக்கு. எனக்கும் வந்தது.

ராஜகுருவைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தான். நடந்ததையெல்லாம் சொல்லிவிடப் போகிறான் என்றுதான் நினைத்தேன். சொன்னான்.

“என்னையும் என் குடும்பத்தையும் கைதூக்கிவிட்ட சங்கத்துக்கும் தலைவர் அண்ணாச்சிக்கும் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கேன். எங்க அப்பா இருந்து பாத்திருந்தாருன்னா சந்தோசப்பட்டிருப்பாரு. நன்றி.”

குழாய் ஸ்பீக்கர் ஒன்று அவன் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில்தான் கட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து நான் கொல்லைப்புறத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாடு. சுந்தராம்பாள் முதலில் பிருந்தாவுக்குப் பரிமாறினாள். பிறகு தனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். ராஜகுரு பொன்னாடையோடு வெறும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். கடைசியில் அவன்தான் பேசினான்.

“அப்பா பேசுனது… கேட்டுச்சாம்மா?”

“கேட்டுச்சுப்பா” என்றாள் பிருந்தா. குரலில் கோபமே இல்லை. “காலையிலருந்து நிக்காம, திக்காம வந்தது அது ஒண்ணுதான்.”

ராஜகுரு எழுந்தான். முன்வீட்டுக்குள் அவன் போவது தெரிந்தது. மூட்டை ஒன்று சரிந்தது. அப்புறம் டப்பென்று ஒரு சத்தம், மூலப்பெட்டியின் பிளக்கை அவன் பிடுங்கிய சத்தம். மாடிப்படியில் மினுங்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு சிமிட்டிச் சிமிட்டிச் சிவப்பாக மாறியது.

முதலில் கிழக்கேயிருந்து தலைவரின் குரல் வந்தது. “ஏப்பா, நெட்டு இருக்கா?” அப்புறம் மேற்கேயிருந்து செயலாளர், “நெட்டு இருக்கா?” மறுபடி கிழக்கே பொருளாளர். நாலாவது வீடு. ஐந்தாவது வீடு. முறை மாறாமல் ஒவ்வொரு வாசலாகக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஆறாவது வீட்டில் யாரும் கேட்கவில்லை. அங்கே பிருந்தா தட்டைக் கழுவுகிற சத்தம் மட்டும் வந்தது.

ஏழாவது என் முறை. தெருவே காத்திருந்தது. கேட்க வாயைத் திறந்தேன். கையில் இன்னும் அந்த வெற்றிலை இருந்தது. வெட்கமாக இருந்தது, வாயை மூடிக்கொண்டேன்.